மையவாடிக்குள் போய்வந்த மெர்சி அக்கா

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மலாவியிலிருந்து மெர்சி அக்காவின் கணவர் ஜேக்கப் சேர். என் கை ஈரமாக இருந்ததால் மகள் றிஸ்னா எடுத்து என் காதில் பிடித்தாள். "ஜெசீமா, மெர்சியை அடக்கம் செஞ்சிட்டு இப்பதான் வாறம்" என்றார். என்ன சேர் சொல்றீங்க என்று கேட்டேன். அவர் அதையே திரும்பவும் சொன்னார். காய்ச்சல் என்று படுத்தவருக்கு மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம். கல்முனைக்குக் கொண்டுவர வழியில்லாமல், அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தேவாலயக் காணியிலேயே வைத்துவிட்டார்களாம். நான் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனது. விரட்டத் தோன்றவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் மெர்சி அக்காவின் கையில் பிறந்தவர்கள். மிச்சப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டில் நான் புதுத் தாதியாகச் சேர்ந்தபோது, பாண்டிருப்பில் பிறந்த இந்தக் கிறிஸ்தவப் பெண்தான் அங்கே மூத்தவர். வலியில் அலறும் பெண்ணிடம், "கத்தி முடிக்காத புள்ள, அந்த மூச்சைப் பிள்ளைக்குக் குடு" என்பார். டொக்டர்மாரிடமும் அதே குரல்தான். போன ஞாயிறு நடந்த நினைவு ஆராதனையில் அவரைச் சாந்தமே உருவானவர் என்று புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மெர்சி அக்கா கோபக்காரி. அந்தக் கோபக்காரிக்காகத்தான் நான் அழுகிறேன்.

கடல் ஊருக்குள் வந்தது நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள். அக்காவின் ஒரே பிள்ளை ஷாலினி, காலையிலேயே கேக் கொண்டு மருதமுனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். றிஸ்னாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. விளையாட்டில் றிஸ்னா தன்னுடைய பச்சை முக்காட்டை அவளுக்குக் கட்டிவிட்டாள். தண்ணீர் வந்தபோது றிஸ்னாவை யாரோ மாடிப்படிக்கு இழுத்துவிட்டார்கள். ஷாலினி யார் கைக்கும் அகப்படவில்லை. அன்று பின்னேரம் கிடைத்த மையித்துகளோடு அவளையும் எடுத்த ஆட்கள், முக்காட்டைப் பார்த்து முஸ்லிம் பிள்ளை என்றே நினைத்தார்கள். ஜனாஸாத் தொழுகை தொழுது, எங்கள் மையவாடியில் அடக்கிவிட்டார்கள்.

அக்காவும் ஜேக்கப் சேரும் தேடி வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. பச்சை முக்காடு, ஒற்றைக் காலில் சிவப்புச் சப்பாத்து என்று அடக்கிய ஆள் சொன்னதும் ஜேக்கப் சேர் மதிலைப் பிடித்துக்கொண்டார். பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் கும்பிடாத குறையாக வந்து நின்றார். "தெரியாம நடந்து பெய்த்து மகள். நம்மட புள்ள எண்டுதான் அடக்கினம். நீங்க கேட்டா தோண்டித் தாறம்." அக்கா கேட்டார், "தொழுதீங்களா?"

"ஓம் மகள், தொழுதுதான் வெச்சம்."

"அப்ப கிடக்கட்டும். என்ட பிள்ளையைச் சும்மா புதைக்கல்லத்தானே."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் சந்தடி அடங்கிய பின்னேரத்தில் அவர் மையவாடிக்கு வருவார். பெரியவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. என் வாப்பா அங்கேதான் கிடக்கிறார், நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கிறிஸ்தவப் பெண் உள்ளே போவார், நான் கேற்றடியில் நிற்பேன். திரும்பி வந்ததும் வீட்டு விஷயம் போல எல்லாவற்றையும் சொல்வார். வேம்பு தாண்டி இடது பக்கம் கிறுகினால் உன்ட வாப்பா, அவருக்குப் பின்னால மதிலோரம் பூவரசுக்குக் கீழ ஷாலினி. ஒருமுறை, "என்னகா நீ, வாப்பாட மீஸான் கட்டை சரிஞ்சு கிடக்கு, ஒனக்கு மனுசன் ஒருத்தர் இல்லையா வீட்டில?" என்று வாட்டில் எல்லோருக்கும் முன்னால் ஏசினார். என் கணவர் அன்றைக்கே போய் அந்தத் தலைமாட்டுக் கட்டையை நிமிர்த்திவிட்டு வந்தார்.

மலாவிக்குப் போகும் கதை தொடங்கியது அவர் ஓய்வு பெற்ற பிறகு. சபைக்கு வந்த வெளியூர்ப் போதகர், ஊழியத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஜேக்கப் சேர் கையை உயர்த்திவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவியைக் கேட்கவில்லை. அக்கா என் வீட்டுக்கு வந்து கொதித்தார். "கணக்குப் படிப்பிச்ச மனுசன், தலையை எண்ணத் தெரியாதா? ஒரு ஆளா ரெண்டு ஆளா எண்டு பாக்காமக் கையைத் தூக்கிட்டார்." அவருக்குப் போகப் பயம். விமானத்தில் ஏறியதில்லை, கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. "நான் போனா அவளை ஆர் பாக்கிற?"

நான் போகவேண்டாம் என்றுதான் சொன்னேன். ஊரும் சும்மா இருக்கவில்லை. கனடாவுக்குப் போகக் குறுக்கு வழி தேடுகிறார்கள் என்று சிலர் கதைத்தார்கள். எனக்குள்ளும் ஒரு முள் இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டேன், "ஆக்களை மதம் மாத்தவா அக்கா போறீங்க?"

"ஏசுவைப் பற்றிக் கதைப்பன். ஒளிச்சு வெக்க மாட்டன்" என்றார். "எண்டாலும் என்ட வேலை பிள்ளை எடுக்கிறது. அங்க பிறக்கிற பிள்ளைகள் கன பேர் தங்குறல்லயாம். செத்த பிள்ளைக்குச் செபம் பண்ணக்கூட ஆள் இல்லையாம். என்ட பிள்ளைக்கு ஆரெண்டு தெரியாத ஆக்கள் நிண்டு தொழுதாங்க ஜெசீமா. நான் இஞ்ச ஒரு பிள்ளைக்குக் காவல் இருந்தது காணும், இனி அந்தப் பிள்ளைகளைப் பாக்கணும்." எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் முடிவெடுத்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய் ஜேக்கப் சேரிடம், "இப்ப தூக்குங்க கையை, ரெண்டு பேருக்கும் சேத்து" என்றாராம்.

புறப்படுவதற்கு முன் கடைசியாக மையவாடிக்கு வந்தார். உள்ளே அதிக நேரம் இருந்தார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளைப் பாத்துக்கொள்" என்றார்.

"நான் உள்ள போறல்லயே அக்கா."

"தெரியும். உன்ட மனுசனை அனுப்பு. நீ இந்தக் கேற்றில நிண்டாக் காணும். நீ நிக்கிற எண்டு அவளுக்கு விளங்கும்."

அப்படித்தான் செய்தோம். கணவர் உள்ளே போய் உதிர்ந்த இலைகளைக் கூட்டுவார், நான் கேற்றடியில் நிற்பேன். மலாவியிலிருந்து அக்கா கதைக்கும்போதெல்லாம் முதல் கேள்வி ஷாலினியைப் பற்றித்தான். பிறகு தன் வாட்டுக் கதை சொல்வார். அங்கே இறந்து பிறக்கும் பிள்ளைகளைத் தானே துணியில் சுற்றிக்கொண்டு போய், மண்ணுக்குள் வைத்து, செபம் பண்ணுவதாகச் சொன்னார். "பேர் வெக்காத பிள்ளைக்கும் செய்றன்" என்றார். வர வர அவருடைய குரல் களைத்துப்போய்க்கொண்டிருந்தது. திரும்பி வாங்க அக்கா என்றேன். வாறன் வாறன் என்றார்.

நினைவு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரியவர்கள் எல்லோரும் அழுது, பாடி, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தாய் இறந்த செய்தியை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை என்று மட்டும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. பைத்தியக்கார நினைப்புத்தான். எழுந்து மையவாடிக்கு நடந்தேன். கேற்றைத் திறந்தபோது காவல்காரர் ஓடிவந்தார். "ராத்தா, பொம்புளயள் உள்ள வாறல்லயே."

"ஒரு புள்ளைக்கு மவுத்துச் செய்தி சொல்லணும்" என்றேன்.

அவருக்கும் மெர்சி அக்காவைத் தெரியும். மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருநாளும் கால் வைக்காத இடத்தில் நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. வேம்பைத் தாண்டி இடது பக்கம் திரும்பினேன். வாப்பாவின் கட்டை நிமிர்ந்து நின்றது. சலாம் சொன்னேன், அழுகை வந்துவிட்டது. அவருக்குப் பின்னால், மதிலோரம், பூவரசுக்குக் கீழே, தலைமாட்டிலும் கால்மாட்டிலுமாக இரண்டு சின்னக் கட்டைகள். பக்கத்தில் குந்தி, மண்ணைத் தொட்டுக்கொண்டு சொன்னேன், "ஷாலினி, அம்மா மவுத்தாகிட்டா மகள். அங்கயே அடக்கிட்டாங்க. இனி நான்தான் வருவன்."

கேற்றடியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த வழி, அதன் முடிவில் கிடக்கும் அந்தப் பிள்ளை. மெர்சி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இவை இரண்டும்தான்.