ஆற்றுக்கு இந்தப் பக்கத்து நெருப்பு

எங்கள் டிரம்லாரா தொகுதி செத்துப்போன செய்தி பேப்பரின் உள்பக்கத்தில், பன்றி விலைக்குக் கீழே வந்தது. எங்கள் ஊரில் மனிதன் செத்தால் விடிய விடிய விழித்திருந்து, தேநீரும் விஸ்கியும் ஊற்றி, அவனுக்கு இல்லாத பெருமையெல்லாம் சொல்லித்தான் அனுப்புவோம். கிழட்டுக் கழுதை செத்தால்கூட நாலு பேர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். தொகுதிக்கு அந்த மரியாதையும் இல்லை. டப்ளினில் யாரோ மேஜையில் வரைபடத்தை விரித்து, நடுவே ஆறு ஓடுவதையும் பார்க்காமல் ஒரு எல்லைக்கோட்டை அழித்தார்கள். அக்கரையில் இருக்கும் கேசில்பிராக் தொகுதியோடு எங்களை ஒட்டிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது பெஸ்டஸ் டர்க்கனுக்கு. பாலத்தின் இக்கரையில் என் மதுக்கடை, எதிரே அவர் வீடு. நாலு மாடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, மீதி நேரம் கவுன்டி கவுன்சிலில் ரோட்டுக் குழி அடைக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு கேக்கப் போன வீட்லயெல்லாம் மண்வெட்டியக் கையில குடுத்துடறாங்க, அட்ராக்டா. வேலைய முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா பொண்ணுக்கு வேற எடத்துல நிச்சயமாயிடுது" என்பார்.

ஆனால் தேர்தல் வந்துவிட்டால் அவர்தான் ராஜா. இரண்டு தொகுதிக்கும் வாக்கு எண்ணுவது அக்கரைப் பெரிய டவுனில். ஜெயித்த பார்லிமென்ட் மெம்பர் வீடு திரும்பப் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். அவர் வந்து இறங்கும்போது இக்கரையில் நெருப்பு எரிய வேண்டும். பெஸ்டஸின் அப்பா ஆரம்பித்து வைத்தது அது. எந்தக் கட்சிக்காரர் ஜெயித்தாலும் எரியும். எல்லா வீட்டுக்காரரும் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி ஒரு கூடையாவது தர வேண்டும். அப்பாக்கள் காலத்து உள்நாட்டுச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றார்களோ, பேரன்வரை அதே கட்சி என்று இருக்கிற ஊரில் இது லேசான காரியமா?

டெலியா கார்ம்லி என்று ஒருத்தி. சர்ச் பக்கத்து வீடு, எதிர்க்கட்சி, நாக்கு சவரக்கத்தி. பெஸ்டஸ் தள்ளுவண்டியோடு போய் நின்றால் தராமல் இருக்க மாட்டாள். ஆனால் ஈரக்கட்டியாகப் பார்த்துத் தருவாள்.

"இது எரியுமா டெலியா? பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும்."

"எங்க ஆளு ஜெயிச்சா எரியும். உங்க ஆளு ஜெயிச்சா புகையட்டும். உன் மெம்பரு இருமிக்கிட்டே வரட்டும்."

பெஸ்டஸ் கோபப்பட மாட்டார். ஈரக்கட்டிகளைக் குவியலின் ஓரத்தில் அடுக்கிவிட்டுப் போவார். மற்றவர்கள் மட்டும் யோக்கியமா? அவள் கட்சி ஜெயிக்கும் என்று பேச்சு அடிபட்ட வருடம், எங்கள் ஆட்கள் தந்த கட்டியில் தவளை இருந்தது.

எண்ணி முடிந்த சாயங்காலம் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறிய கட்டிகளைக் கவைக்கோலில் குத்தி, தீ வைத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டின் இரு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். மெம்பர் அக்கரையிலேயே காரை விட்டு இறங்கி, அக்கார்டியன் வாசிப்பவனுக்குப் பின்னால் நடந்து வருவார். பெஸ்டஸ் பாலத்தின் இந்த முனையில், அப்பா நின்ற அதே இடத்தில், ஓரடி முன்னே வைக்காமல் நிற்பார். மெம்பர் கையை முதலில் குலுக்குவது அவர்தான். அப்போது வாழ்த்துச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"போன தடவ சொன்ன ரோடு என்னாச்சு?"

அவ்வளவுதான் கேட்பார். கூட்டம் சிரிக்கும், மெம்பரும் சிரிப்பார், அப்புறம்தான் தோளில் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் வருவார்கள். அந்தக் கரிமண் புகை என் கோட்டில் ஒரு வாரம் இருக்கும். வேண்டுமென்றே துவைக்காமல் வைத்திருப்பேன்.

தொகுதி போன பிறகு வந்த முதல் தேர்தல் ஒரு ஜூன் மாதத்தில். எங்கள் பக்கத்திலிருந்து நின்றவர் ஒருவர்தான், கோல்மன் ஹெஸ்லின். முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். பலமுறை மெம்பராக இருந்தும் எங்களுக்கு அவர் வாத்தியார்தான். அவரும் தோற்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மெம்பரே இல்லை. அப்புறம் யாருக்கு நெருப்பு, யாரிடம் ரோட்டைக் கேட்பது?

"இந்தத் தடவ எரியலன்னா இனி எப்பவும் எரியாது, அட்ராக்டா," என்று பெஸ்டஸ் என் கடையில் உட்கார்ந்து சொன்னார். கையில் கறுப்பு பீர், குடிக்கவே இல்லை. குவியலை மட்டும் எப்போதையும்விடப் பெரிதாகக் கட்டியிருந்தார்.

எண்ணும் நாள் பிற்பகலில் கடை போன் அடித்தது. எண்ணும் இடத்திலிருந்து வாத்தியாரின் மச்சான் லூக்.

"முதல் எண்ணிக்கை முடிஞ்சுது. மூணு மெம்பர் எடத்துல மூணாவதா நிக்கறாரு. பின்னால வர்றவன் எங்கயோ கெடக்கான். உள்ள போயாச்சுன்னு வச்சுக்கோ!"

கடை முழுக்க ஒரே கூச்சல். எங்கள் பழைய தொகுதியில் அது போதும். எங்கள் ஊர் வாக்குச்சீட்டில் பிடித்தவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நம்பர் போடுவோம். கடைசியில் வருபவர்களை ஒவ்வொருவராகக் கழித்து, அவர்கள் சீட்டை அடுத்த நம்பர்காரருக்குத் தருவார்கள். டிரம்லாராவில் அந்தச் சீட்டெல்லாம் சுற்றிச் சுற்றி இக்கரை ஆட்களுக்குத்தான் வந்து சேரும். முதலில் முந்தினவர் தோற்றதாக யாருக்கும் நினைவில்லை. தொகுதி மாறிப்போனது எங்கள் வாய்க்குத் தெரிந்திருந்தது, புத்திக்கு உறைக்கவில்லை. பெஸ்டஸ் ஓடிப்போய் நெருப்பு வைத்தார்.

நல்ல வெயில் இருந்த நேரம். அப்படி ஒரு நெருப்பை நான் பார்த்ததில்லை, பாலத்துக் கல்லே சிவந்துவிட்டது. பெஸ்டஸ் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் போன் மறுபடி அடித்தது. அக்கரை ஆட்கள் ஒவ்வொருவராகக் கழிய, அவர்கள் சீட்டெல்லாம் அக்கரை ஆளுக்கே போயிருக்கிறது. எங்கோ கிடந்தவன் கடைசி எண்ணிக்கையில் ஜெயித்துவிட்டான். டெலியாவின் கட்சிக்காரன். லூக் அழுதுகொண்டே சொன்னான், "கெளம்பிட்டாரு. தனியா வராரு. நான் கூட வரேன்னேன், வேணாம்னுட்டாரு."

நான்தான் வெளியே வந்து சொன்னேன். அக்கார்டியன் சத்தம் நின்றுவிட்டது.

"வாளி கொண்டாங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். "மனுசன் இந்த வழியாத்தான வரணும்! தோத்துட்டு வர்றவருக்குப் பந்தம் புடிக்கறதா? கேலி பண்றோம்னு நெனைக்க மாட்டாரு?"

பெஸ்டஸ் மண்வெட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். "எவனும் கிட்ட வராதீங்க."

"பைத்தியமா உனக்கு? அணைச்சுத் தொலை!"

"அணைக்க மாட்டேன். நெருப்ப அணைச்சு வச்சா மட்டும் அவரு ஜெயிச்சிடுவாரா?"

எனக்கே அவர் மேல் ஆத்திரம்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அக்கரையில் வாத்தியாரின் பழைய கறுப்புக் கார் வந்து நின்றது. இறங்கவில்லை. முன்னே வரவும் இல்லை. நெருப்பைப் பார்த்துவிட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வண்டி மெல்லப் பின்னால் நகரவும் செய்தது.

பெஸ்டஸ் மண்வெட்டியைக் கீழே போட்டார். எத்தனையோ தேர்தலில் ஓரடி முன்னே வைக்காத மனிதர் பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். கார்க் கண்ணாடியைத் தட்டினார். வாத்தியார் இறக்கினார். முகம் சாம்பலாகியிருந்தது.

"போன தடவ சொன்ன ரோடு என்னாச்சு?" என்றார் பெஸ்டஸ்.

வாத்தியார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "என்ன ஏன்யா கேக்கற? நான் இப்ப யாருமில்லயே."

"ஆத்துக்கு நம்ம பக்கம் நான் வேற யாரக் கேக்கறது, வாத்தியாரே? எறங்குங்க. உங்களுக்காக வச்ச நெருப்பு வீணாப் போகுது."

வாத்தியார் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பிறகு இறங்கினார். அக்கார்டியன்காரனுக்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை, சும்மா முன்னால் நடந்தான். இக்கரை வந்தபோது நெருப்பு தணிய ஆரம்பித்திருந்தது. டெலியா கார்ம்லி தன் வீட்டுப் பக்கமிருந்து இடுப்பில் ஒரு கூடையோடு வந்து, மொத்தத்தையும் நெருப்பில் கொட்டினாள். படபடவென்று பிடித்துக்கொண்டது.

பெஸ்டஸ் திரும்பிப் பார்த்தார். "காஞ்ச கட்டி!"

"வாயப் பொத்து," என்றாள் டெலியா. "ஜெயிச்சவன் அக்கரைக்காரன். அவனுக்கா நான் எரிக்கப் போறேன்?"

அன்றைக்கு வாத்தியாரைத் தோளில் தூக்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் காலை உதறியதையும் பார்த்தேன், கடை வாசலில் தலை இடித்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்தேன். அவர் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. பாலத்தில் மறுபடி நெருப்பும் எரியவில்லை. புதுத் தொகுதியின் பெயரையும் அதற்கப்புறம் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் நுழையாது. கடிதத்தில் நான் இன்னும் டிரம்லாரா என்றுதான் எழுதுகிறேன், வந்து சேர்ந்துவிடுகிறது.

பெஸ்டஸ் இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதத்தில் போனார். இரவு முழுக்க விழித்திருந்தோம், இருந்த பெருமையே போதுமானதாக இருந்தது. மறுநாள் சவப்பெட்டியை அவர் வீட்டிலிருந்து தோளில் எடுத்து வந்து, பாலத்துக் கல்லில் இன்னும் கறுப்பு படிந்திருக்கும் அந்த இடத்தில் நிறுத்தினோம். முன்னால் தோள் கொடுத்திருந்தவர் வாத்தியார். வயதாகிவிட்டது, வேறு ஆள் மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

அவர் கன்னத்தைப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டு பேசியது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"ரோடு இன்னும் போடல, பெஸ்டஸு."

பிறகு ரோட்டுக் குழியில் கால் இடறாமல் பார்த்துப் பார்த்து சர்ச்சுக்கு எடுத்துப் போனோம்.