கைநாட்டு

நேற்று வரக்காப்பொலையில் பஸ் நின்றபோது, பக்கத்து லொறியிலிருந்து புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாடை வந்தது. பல்கலைக்கழகம் போய்ச் சேரும்வரை என்னால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

கஹவத்தைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. அங்கேதான், ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும் அம்மா, விரல்களில் ஒட்டிக் காய்ந்த பாலை நூல் நூலாக உரித்துப் போட்டுவிட்டு, மாலையில் வாசலில் சாக்கு விரித்து வேதாகமத்தைத் திறப்பாள். பெண்கள் பேன் பார்த்தபடியும் பிள்ளையை மடியில் ஆட்டியபடியும் சுற்றி உட்கார்ந்திருக்க, வரிக்கு வரி விரல் வைத்து அவள் இழுத்து வாசிக்கும் குரல் கடைசி வீட்டுக் காம்பிராவரை கேட்கும். நான் எழுத்துப் படித்ததும் அந்த விரலைப் பார்த்துத்தான்.

என் முதல் கட்டுரையில் அவளைக் கைநாட்டு என்று எழுதினேன். எழுத்தறியாத தாயின் மகள் இலக்கியம் படிப்பிக்கிறாள் என்றால் வாசிப்பவர்கள் நெகிழ்வார்கள் என்று எனக்குத் தெரியும். நெகிழ்ந்தார்கள். மேடைகள் வந்தன; பேராசிரியர் ஆகும்வரை அந்தக் கட்டுரையைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்தினார்கள்.

கட்டுரை வந்த சஞ்சிகையை அம்மாவுக்குக் காட்டவில்லை. ஒரு விடுமுறையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, என் பையிலிருந்து எடுத்து அதை வாசித்து முடித்திருந்தாள்.

“நல்லா எழுதியிருக்க புள்ள,” என்றாள். “இதுல வர்ற அந்தம்மாதான் பாவம். இத வாசிச்சுச் சொல்ல அதுக்கு ஒரு ஆள் வேணுமே.”

நான் ஈரத் தலையோடு நின்றேன். அவள் சஞ்சிகையை என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் இருந்தாள். கட்டுரை புத்தகத்தில் சேர்ந்தபோதுகூட அந்த ஒரு சொல்லை நான் அடித்து நீக்கவில்லை.