வயிற்றெரிச்சலில் எடை குறையாது

என் கணவருக்கு என்னைவிட ஒரு வயது கூட. போன மாதம் அனுமந்தையில் ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாறியவன் என்னைக் காட்டி அவரிடம், "அண்ணே, உங்க அம்மாவுக்கு ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சோறு வாங்கினார். எனக்குப் பாயசம்கூட இறங்கவில்லை.

அவர் உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். காலையில் தட்டு நிறைய இட்லி, மத்தியானம் குண்டான் சோறு, நடுவில் போண்டா. ஆனாலும் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார், ஒரு நரை கிடையாது. மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் நான் ஓட்ஸ் கஞ்சி குடித்தே ஊதிப்போகிறேன். பிரஷர் என்று டாக்டர் உப்பையும் குறைத்துவிட்டார். வாசலில் மூட்டை மூட்டையாக உப்பு கிடக்கிற வீட்டில் எனக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி.

"சிலருக்குச் சாப்பிட்டது சீக்கிரம் எரிஞ்சிடும். உங்களுக்கு மெதுவா எரியுதும்மா" என்றார் டாக்டர்.

"மெதுவாவா? இவ வயிறு எரியறது பக்கத்துல நிக்கிற எனக்கே சுடுதுங்க" என்றார் இவர். டாக்டரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரையும் பிடிக்கவில்லை.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போனில் படித்தேன். மெதுவாக எரிகிற உடம்பு ஆமை மாதிரி நெடுநாள் தாங்குமாம், வேகமாக எரிகிறது சீக்கிரம் தேயுமாம். இது உறுதியில்லை என்றும் கீழே போட்டிருந்தார்கள். அதை யார் பார்த்தார்கள்? வீட்டுக்குப் பறந்து வந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "நீங்க தின்ற தீனிக்குச் சீக்கிரம் தேஞ்சிடுவீங்களாம். நான்தான் ரொம்ப நாள் இருப்பேனாம்" என்றேன்.

அவர் மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார். "நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு டீ கூட போடத் தெரியாது. நீ இல்லாம நான் என்னா பண்ணுவேன்? முன்னாடியே போயிடறேன்" என்று சொல்லி, இன்னும் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

பிரம்மதேசம் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பூவும் பொட்டுமாக, அவருக்கு முன்னால் போய்விட வேண்டும். அதுவும் எனக்கில்லையா? சோறும் அவருக்கு, இளமையும் அவருக்கு, கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஓர் ஆளும் அவருக்கே. பற்றிக்கொண்டு வந்தது.

"இதுலயும் நீங்கதான் முந்திக்கணுமா?" என்றேன். "போதும், எழுந்திருங்க" என்று சொல்லிச் சோற்றுக் குண்டானை மூடி, மூடிமேல் கையை வைத்துக்கொண்டேன்.