அக்காவுக்கு நான் டீச்சரான மதியம்

மாசி வெயிலில் வாசலெல்லாம் புளி குவிந்திருந்தது. அப்பா கல்லால் தட்டிக் கொட்டை எடுக்க, அம்மா நார் உரித்துக்கொண்டிருந்தாள். இருவர் பேச்சும் மாமன் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கும் மாமன் மகனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றுகிறார்கள். பன்னிரண்டாவது பரீட்சை எழுதப்போகும் அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இந்த 'இஃப்' வாக்கியம் எனக்கு வரவே மாட்டேங்குதுடி. நான் இங்கிலீஷ்ல சொல்றேன், நீ தமிழ்ல சொல்லு. நல்லா சத்தமா சொல்லணும்."

ஐந்தாவது படிக்கிற எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டாவதுக்கே நான் டீச்சர்!

"இஃப் ஐ பாஸ், ஐ வில் ஸ்டடி நர்சிங்."

"நான் பாஸானா நர்சிங் படிப்பேன்!" என்று கத்தினேன். எங்கள் மலைக்குக் கீழே, அடிவாரத்து அமிர்தி ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இஃப் அப்பா ஆஸ்க்டு மீ, ஐ வுட் சே நோ."

"அப்பா என்னைக் கேட்டா, கல்யாணம் வேணாம்னு சொல்வேன்!" கல்யாணத்தை நானே சேர்த்துக்கொண்டேன். அதோடு விடுவேனா? "அதென்னா ஆஸ்க்டு? அது நடந்து முடிஞ்சதுக்குத்தானே?"

"நடக்கவே நடக்காதுன்னு நெனச்சாலும் அப்பிடித்தான் சொல்லணும்," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

புளி தட்டும் சத்தம் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். கத்தியதற்கு எனக்கு அடி நிச்சயம் என்று அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இன்னாத்துக்கு நடக்காது?" என்றார் அப்பா. கையிலிருந்த கொட்டையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "சரி, கேக்கறேன். சொல்லும்மா."

"வேணாம்பா. நான் படிக்கிறேன்."

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்று சிடுசிடுத்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு, மாமனுக்குப் போன் பண்ண சிக்னல் கிடைக்கிற பாறையைப் பார்த்து நடந்துவிட்டார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அப்பாடா, அடி விழவில்லை என்று எனக்கும் உயிர் வந்தது.

அக்காவை இங்கிலீஷில் பாஸ் பண்ண வைத்ததே நான்தான் என்று அப்புறம் ரொம்ப நாள் வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இங்கிலீஷில் பள்ளிக்கே முதல் மார்க் எப்போதும் அவள்தான். அது எனக்கும் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு என்னிடம் என்ன பாடம் என்று மட்டும் அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.