அவள் பேரில் என் நோய்

மார்பில் வரும் புற்றுநோய் ஆம்பிளைக்கும் வரும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, எனக்குப் பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்து நின்றது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் என் வேலை. தோலை விளக்கு வெளிச்சத்தில் விரித்து உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். உண்ணி கடித்த தழும்பு இருந்தால்கூடப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவேன். வெட்டுகிறவர்கள் அந்த இடத்தை ஒதுக்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட கைதான், என் இடது மார்பில் பட்டாணி அளவுக்கு இருந்ததைச் சூட்டுக்கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு அடுத்த மாதம்தான் தேதி கிடைத்தது. மார்புப் புற்றுநோய்ப் பிரிவில் நானும் மனைவியும் காத்திருந்த வராந்தா முழுக்கப் பெண்கள். பார்ப்பவர்களுக்கு நான் துணைக்கு வந்தவன். அது எனக்கு வசதியாக இருந்தது. ஃபைலை மெதுவாக மனைவியின் மடியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து, கண் காட்ட வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பாயம்மா எங்களைக் கண்டு ஓடிவந்து, மடியில் இருந்த ஃபைலைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லா, உனக்காம்மா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ஆமாக்கா" என்றாள் அவள்.

நாங்கள் பஸ் பிடித்து ஆம்பூர் வந்து சேர்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அன்றைக்கே மறுத்திருக்கலாம். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒருவன் முதுகைச் சொறிந்தாலே அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைக்கவே உடம்பு கூசியது. மனைவிக்கு முடியவில்லை என்று சொல்லி லீவு கேட்டேன். கேட்கும்போது அழுகை வந்தது. அது எனக்காக வந்த அழுகை. மேனேஜர் தட்டிக்கொடுத்ததையும் வாங்கிக்கொண்டேன்.

பாடெல்லாம் அவளுக்கு. குழாயடியில் அவளைக் குடம் தூக்க விடவில்லை. அவள் தலைமுடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பாயம்மா தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினார். ஒரு நாள் அந்தக் கஞ்சியை அவள் என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க. உங்க கஞ்சிதானே."

குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன் பெண்கள் நாலைந்து பேர் அவளைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் மூத்தவர், "இன்னாப்பா, பொம்பளைங்க பேசற எடத்துல? கொஞ்சம் வெளிய இரு" என்று என்னை அனுப்பிவிட்டார். என் நோயைப் பற்றிப் பேச என்னையே வெளியே தள்ளிவிட்டார்கள். வாசலில் நின்றேன். உள்ளே அந்த அம்மாள் தணிந்த குரலில், "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டது ஜன்னல் வழியே காதில் விழுந்தது.

"இடது பக்கம்" என்றாள் என் மனைவி. என் கை தானாகச் சட்டைக்கு மேல் போனது.

அவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணா, கேக்கறேன்னு கோவிச்சிக்காதீங்க. எங்க அக்காவுக்கும் இதான். ஆபரேசனுக்கு அப்புறம் மாமா வுட்டுட்டுப் போய்ட்டாரு. நீங்க அண்ணிய வுட்டுட மாட்டீங்களே?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவளுக்கு இல்லம்மா. எனக்குத்தான் வந்திருக்கு."

"சும்மா இருங்கண்ணா. ஆம்பிளைக்கு ஏது அங்க?"

துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்துவிட்டாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். டெஸ்டுக்குச் சதை எடுத்த இடத்தில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். இத்தனை நாளும் அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. டீ டம்ளரோடு வாசல்படிக்கு வந்து நின்ற என் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்க வுட்டுட மாட்டீங்களே?"

"வுட மாட்டேன்" என்றாள் மனைவி. "ஆனா இனிமே என்னால ஆவாது. வர்றவங்ககிட்ட அவரே உக்காந்து பேசட்டும்."

உள்ளே போய், அவள் உட்கார்ந்திருந்த பாயில் உட்கார்ந்தேன். முகமெல்லாம் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். பிறகு அந்த மூத்த அம்மாள் நகர்ந்து என் பக்கத்தில் வந்தார்.

"எந்தப் பக்கம்ப்பா?"

"இடது பக்கம்" என்றேன்.