ஆனந்தவள்ளியின் புதன்கிழமை டேபிள்

ஆனந்தவள்ளி ரவா தோசையின் ஓரத்தை உடைக்கும் சத்தத்துக்கு மலைக்கோட்டை உச்சியிலிருக்கும் பிள்ளையார் ஒரு காதைத் திருப்புவார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியே போதும்.

திருவானைக்காவலில் மகன் ஜெயக்குமாரோடும் மருமகள் ரஞ்சனியோடும் இருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள். புதன்கிழமை சாயங்காலமானால் கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். தில்லை நகரில் இறங்கி, ஒரு ஹோட்டலில் சுவரோர டேபிளாகப் பார்த்து உட்காருவாள். எதிர் நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்துவிடுவாள், வேறு யாரும் வந்துவிடக் கூடாதென்று.

"ரவா லேட்டாகும்மா," என்பார் சர்வர்.

"ஆகட்டும், நல்லா முறுகட்டும். எனக்கென்ன, அடுப்புல பாலா வச்சிட்டு வந்திருக்கேன்?"

தனியாகப் போனால் நாமெல்லாம் செல்போனை நோண்டிக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல நடிப்போம். அவள் நடிக்க மாட்டாள். கல்யாணப் பெண்ணைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து, தோசை வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு புதன்கிழமை, ஆனந்தவள்ளியின் தெருவிலேயே குடியிருக்கும் மயிலம்மாள் கண் டாக்டரைப் பார்க்க வந்தவள், கண்ணாடிக் கதவு வழியாக இவளைப் பார்த்துவிட்டாள். மருமகள் இருக்கும் வீட்டுப் பொம்பளை தனியாக ஹோட்டலில் சாப்பிட்டால் நம்மூரில் ஒரே அர்த்தம்தான்: வீட்டில் சோறு போடுவதில்லை. சேதி காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் வளர்ந்துவிட்டது. தெருவுக்கு வந்து சேர்ந்தபோது, ஆனந்தவள்ளி பக்கத்து டேபிள்காரரிடம் மிச்ச இட்லி கேட்டு அழுதிருந்தாள். நானே இவ்வளவு வேகமாகப் பொய் வளர்த்ததில்லை.

"இனிமே ஹோட்டல் வேணாம்மா," என்றான் ஜெயக்குமார். "வேணுங்கிறதைச் சொல்லு, பார்சல் வாங்கிட்டு வரேன்."

"பார்சல்ல வர்ற ரவா தோசை ஈரத்துண்டு மாதிரி இருக்கும்டா."

"தெருவுல ரஞ்சனியைத்தானே பேசுறாங்க?"

அன்றைக்கு ரஞ்சனி அரைத்த சட்னியில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆனந்தவள்ளி மருமகளிடம் போனாள். "நாளைக்கு நீயும் வா. பாத்துட்டு வேணாம்னு சொல்லு, விட்டுடறேன். ஆனா என் டேபிள்ல உட்காரக் கூடாது."

"ஏன் அத்தை, என் மூஞ்சியைப் பாத்தா தோசை இறங்காதா?"

"நீ எதிர்ல இருந்தா என் கண்ணு உன் தட்டுலயே இருக்கும். சட்னி தீந்துச்சா, தண்ணி இருக்கான்னு. பாதித் தோசையை உன் பக்கம் தள்ளிடுவேன். கல்யாணமான நாள்லேருந்து எல்லாருக்கும் சுட்டுப் போட்டுட்டு, கடைசித் தோசையை ஆறினப்புறம் தின்னவ நான். என் கைக்கு வேற பழக்கமில்லை."

ரஞ்சனி தன் கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் இரண்டு டேபிள் தள்ளி உட்கார்ந்தாள். "கூட யாராவது வராங்களா?" என்றார் சர்வர். ரஞ்சனி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் திரும்பவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே சத்தம் கேட்டது.

"இல்லங்க, நான் மட்டும்தான். ஒரு நெய் ரோஸ்ட்." சொல்லிவிட்டு ரஞ்சனி தன் கைப்பையை எதிர் நாற்காலியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, புதுக் கண்ணாடி வாங்க வந்த மயிலம்மாள் இருவரையும் கண்டு உள்ளேயே வந்துவிட்டாள். "என்ன ஆனந்தவள்ளி, வீடு ரெண்டாப் போச்சா? மாமியார் ஒரு டேபிள், மருமக ஒரு டேபிள்?"

ஆனந்தவள்ளியின் வாயில் தோசை இருந்தது. ரஞ்சனிதான் பதில் சொன்னாள். "அதோ அந்த ஓர டேபிள் காலியா இருக்குங்க. போய் உட்காருங்க. தனியா."

மயிலம்மாள் ஏனோ போய் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று சர்வர் கேட்டதற்கு அவள் யோசித்த நேரத்தில் இன்னொரு ரவா தோசையே வெந்திருக்கும். அன்றைக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒரு சேதியும் வரவில்லை.

வீட்டில் ஜெயக்குமார் கேட்டான், "என்ன முடிவு பண்ணீங்க?"

"புதன்கிழமை ராத்திரிக்கு நீங்க உப்புமா கிண்டிக்கங்க," என்றாள் ரஞ்சனி. "நானும் அத்தையும் தனித்தனியா வெளியில சாப்பிடப் போறோம்."