நடுச் சட்டியில விழுந்த பிரியாணி

ஊறுகா வாசமும் சூடான மானிட்டர் வாசமும் கலந்து அடிக்கும்... திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில எங்க ஆபீஸ். ரெண்டாயிரத்து நாலோ அஞ்சோ. எனக்கு மொத வேலை.

நெய்க்காரப்பட்டி சமையல் கான்ட்ராக்டர் ஒருத்தர் கல்யாண மெனு போட வெப் பேஜ் கேட்டிருந்தார். சாயங்காலம் காட்டணும். காலையிலயே எட்டிப் பார்த்தவர் ஸ்கிரீன்ல விரல் வச்சார்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கல்யாண வீட்டுக்காரங்க சைவக்காரங்களாச்சே. மட்டன் பிரியாணி எப்படிங்க வந்துச்சு?"

இன்னொரு கல்யாணத்துல சேர்த்த பிரியாணி இங்கயும் வந்து உட்கார்ந்திருக்கு.

அவர் போனதும் முதலாளி சொன்னது ஒரே வரி. "சாயங்காலமும் இப்படின்னா நாளைக்கு வராத."

பேஜை எழுதினது ஜாவாஸ்கிரிப்ட்ல. 'கல்யாணம்'னு ஒரு ப்ரோட்டோடைப், எல்லாத்துக்கும் பொதுவான அச்சு மாதிரி. அதுல ஒரு பேரு, ஒரு காலி மெனு. அதை வச்சுத்தான் ஒவ்வொரு கல்யாணமும் உருவாகும். சரி, மெனு கலக்குது... பேரு ஏன் கலக்கல? ரெண்டும் ஒரே இடத்துலதானே எழுதியிருக்கேன்? வேலை போற பயத்தைவிட இதுதான் என்னைக் குடைஞ்சது.

மதியச் சாப்பாடு. சோறு அவங்கவங்க டப்பாவுல, தொட்டுக்குற வெஞ்சனம் மட்டும் நடுவுல ஒரே சட்டி. தனியா கொண்டாந்தவங்க அதைச் சாப்பிடுவாங்க. இல்லாதவங்க சட்டியில கை வைப்பாங்க.

பக்கத்து சீட் ஜெசிந்தா பீட்ரூட் பொரியலை வாயில வச்சவ துப்பாத குறை.

"ஏலே, எவன் இதுல உப்பை அள்ளிப் போட்டது?"

"நான்தான்"னேன். "எனக்குப் பத்தல."

"பத்தலன்னா உன் டப்பாவுல எடுத்து வச்சுப் போடு. ஊருக்கே போட்டிருக்க."

எச்சிக் கையோட எந்திரிச்சேன்.

பேரு வைக்கிறப்ப ஒவ்வொரு கல்யாணமும் சொந்தமா ஒரு பேரைக் கொண்டாந்துருது. மெனுவுக்கு அப்படி எதுவும் இல்ல. ப்ரோட்டோடைப்ல இருக்குற ஒரே மெனுதான் எல்லாத்துக்கும். நடுச் சட்டியிலயே பிரியாணியைக் கொட்டியிருக்கேன்.

ஒரு வரிதான் மாத்தினேன். கல்யாணம் உருவாகும்போதே அதுக்குன்னு ஒரு புது காலி மெனு. கீபோர்டெல்லாம் பீட்ரூட் சிவப்பு.

சாயங்காலம் கான்ட்ராக்டர் சைவக் கல்யாணத்தைத் திறந்து செத்த நேரம் தேடினார்.

"பிரியாணி எங்கங்க போச்சு?"

"கேட்ட வீட்லயே இருக்குங்க."

சிரிச்சுட்டார். மறுநாளும் வேலைக்குப் போனேன்.

இப்ப ஜாவாஸ்கிரிப்ட்ல கிளாஸ்னு ஒன்னு வந்திருச்சு. உள்ளுக்குள்ள அதே ப்ரோட்டோடைப்தான், ஆனா இந்தத் தப்பு அம்புட்டு லேசுல வர்றதில்ல.

நான் இப்ப வேலை பாக்குற பெங்களூர் ஆபீஸ் கேன்டீன்ல ஆளுக்கொரு தட்டு. தட்டுலயே தனித்தனிக் குழி... எம்புட்டு உப்பு போட்டாலும் திட்ட ஆளில்ல.